கேமெம்லீக்: தொலைந்த மெமரியைக் காட்டும், தொலையாத கசிவைக் காட்டாது

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மெமரி கசிகிறதா, அதாவது வாங்கிய மெமரி விடுவிக்கப்படாமல் போகிறதா என்று பார்க்க முதலில் நினைவுக்கு வரும் கருவி கேமெம்லீக். கேட்டலின் மரினாஸ் எழுதியது, 2009-இல் 2.6.31 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்தது. காசு கிடையாது, தனியாக எதையும் இறக்க வேண்டாம், கெர்னலை பில்ட் செய்யும்போது ஒரு விருப்பத்தை இயக்கினால் போதும். டிரைவர் எழுதுபவர்கள், கெர்னல் பேட்ச் சோதிப்பவர்கள், பாதுகாப்புக் குறைகளைத் தேடுபவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இது தேவை. ஆனால் மூன்றாம் தரப்பு இதன் எல்லையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். கெர்னல் கசிவுகளில் மிக ஆபத்தான ஒரு வகை இதன் கண்ணில் படவே படாது. அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

வேலை செய்யும் விதம் எளிமையானது, நல்ல யோசனையும்கூட. கேமாலாக், விமாலாக், ஸ்லாப் கேஷ் என்ற கெர்னலின் மெமரி வழங்கிகள் வழியாக நடக்கும் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் கேமெம்லீக் ஒரு குறிப்பைத் தனியாக வைத்துக்கொள்கிறது: முகவரி, அளவு, கேட்ட ப்ராசஸின் பெயர், பிஐடி, அந்த நேரத்து ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை). பிறகு கெர்னலின் நிலையான மாறிகள் இருக்கும் டேட்டா, பிஎஸ்எஸ் பகுதிகள், ஒவ்வொரு சிபியூவுக்குமான பெர்-சிபியூ பகுதிகள், டாஸ்க்குகளின் ஸ்டாக்குகள் எல்லாவற்றையும் சொல் சொல்லாகப் படித்து, ஏதாவது ஒரு மதிப்பு இந்த முகவரிகளில் ஒன்றின் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்க்கிறது. விழுந்தால் அந்த ஒதுக்கீடு, அதாவது ஆப்ஜெக்ட், உயிரோடு இருக்கிறது. அதன் உள்ளடக்கமும் அடுத்துப் படிக்கப்படும். எங்கிருந்தும் எட்ட முடியாமல் மிஞ்சுவது கசிவு. பயன்படாத மெமரியைத் தானாக மீட்கும் கார்பேஜ் கலெக்டர் செய்யும் அதே தேடல்தான். மிஞ்சியதை விடுவிக்காமல் அறிக்கையாகத் தருவது மட்டுமே வேறுபாடு.

இந்த முறையில் ஒரு பெரிய லாபம் உண்டு. இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு தனியாக மிதந்தாலும் பிடிபட்டுவிடும். பட்டியலின் இணைப்பான லிஸ்ட்-ஹெட் தன்னையே சுட்டிக்கொண்டிருந்தாலும் தப்பாது. வேரிலிருந்து, அதாவது தேடல் தொடங்கும் அந்தப் பகுதிகளிலிருந்து, வழி இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

நிறுவுவதில் சிக்கிக்கொள்ளும் இடங்களைச் சொல்லிவிடலாம். கான்ஃபிக் மெனுவில் கெர்னல் ஹேக்கிங் பிரிவின் மெமரி டீபக்கிங் பகுதியில் இந்த விருப்பம் இருக்கிறது. டீபக்-எஃப்எஸ் தேவை; கருவியைக் கட்டுப்படுத்தும், அறிக்கை தரும் கோப்பு அதில்தான் இருக்கும். அதன் அருகிலேயே "இயல்பாக அணைத்து வை" என்ற துணை விருப்பமும் உண்டு. அதை இயக்கி பில்ட் செய்த கெர்னலில், பூட் வரியில் கேமெம்லீக்=ஆன் என்று கொடுக்காவிட்டால் கருவி எழவே எழாது. ஒருமுறை அணைந்துவிட்டால், ரீபூட் செய்யாமல் மறுபடி இயக்க வழி இல்லை. அணைந்த நிலையில் அதன் கோப்பில் ஸ்கேன் என்று எழுதினால், ரூட்டாக இருந்தாலும் அனுமதி இல்லை என்ற பிழைதான் வரும். இதைக் கோப்பு உரிமைப் பிரச்சினை என்று நினைத்து எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அமைப்பை நோண்டிக்கொண்டிருப்பது வீண். கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெஸ்கில் கேமெம்லீக் என்று தேடுங்கள். தொடங்கிவிட்டது என்றும் மெமரி பூல் எவ்வளவு மிச்சம் என்றும் வரி இருந்தால் சரி. பூல் காலியாகிவிட்டது என்று இருந்தால் காரணம் அதுதான்.

பூல் காலியாவது அடிக்கடி நடக்கும். பூட்டின் தொடக்கத்தில் ஸ்லாப் தயாராகும் முன்பே கேமெம்லீக் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுகிறது; அதற்கு ஒரு நிலையான பூல் வேண்டும். அதன் இயல்பு அளவு 16,000 ஆப்ஜெக்ட். மற்ற டீபக் விருப்பங்களையும் சேர்த்து இயக்கிய கனமான கெர்னலில் இது போதாமல் போகலாம். தீர்ந்தால் கருவி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். எண்ணை இரட்டிப்பாக்கி மறுபடி பில்ட் செய்வதுதான் வழி.

எழுந்துவிட்டதா என்று உறுதிசெய்ய, கெர்னல் மூலத்தின் சாம்பிள்ஸ் அடைவில் கேமெம்லீக்-டெஸ்ட் என்ற மாட்யூல் இருக்கிறது. வேண்டுமென்றே பல அளவுகளில் ஒதுக்கி பாயிண்டரை (அந்த இடத்தின் முகவரியை) தொலைத்துவிடும். அதை ஏற்றி, ஸ்கேன் செய்து, அறிக்கை வருகிறதா என்று பார்க்காமல் "கசிவு இல்லை" என்ற முடிவுக்கு யாரும் வரக்கூடாது. அறிக்கைக் கோப்பு வெற்றாக இருப்பதற்குக் கருவி செத்துக்கிடப்பதும் ஒரு காரணம்.

இயக்கும் முறை இது. தானாக ஓடும் ஸ்கேன் பூட்டான 60 விநாடிக்குப் பிறகு தொடங்கி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். சோதனைக்கு அது உதவாது; ஸ்கேன்=ஆஃப் என்று எழுதி அதை நிறுத்திவிட்டுக் கையால் இயக்குவது நல்லது. முதலில் ஒரு ஸ்கேன், பிறகு க்ளியர். பழைய அறிக்கைகள் இதனால் ஒதுக்கப்படும். பிறகு சந்தேகப்படும் ஐஆக்டலையோ (டிவைஸுக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) சிஸ்டம் காலையோ (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) ஒரு லூப்பில் ஆயிரம் தடவை அழையுங்கள். ஒருமுறை மட்டும் அழைத்தால் ஸ்டாக்கில் மிச்சமிருக்கும் பழைய பாயிண்டர் மதிப்பே கசிவை மறைத்துவிடக்கூடும். ஆயிரத்தையும் அது மறைக்க முடியாது. லூப் முடிந்ததும் குறைந்தது 5 விநாடி பொறுங்கள். அதைவிட இளைய ஆப்ஜெக்ட்களைக் கேமெம்லீக் அறிக்கையில் சேர்ப்பதில்லை. இப்போதுதான் ஒதுக்கி, இன்னும் எங்கும் பதிவு செய்யாத பாயிண்டர் ரெஜிஸ்டரில் இருக்கலாம் என்பதால் இந்த அவகாசம். பிறகு ஸ்கேன், சற்று இடைவெளி விட்டு இன்னொரு ஸ்கேன்.

இரண்டாவது ஸ்கேன் அழகுக்கு அல்ல. அநாதையாகத் தோன்றும் ஆப்ஜெக்ட்டின் உள்ளடக்கத்துக்கு முதல் தடவை ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) எடுத்து வைக்கிறது. அடுத்த தடவையும் செக்சம் மாறாமல் இருந்தால்தான் கசிவு என்று எழுதும். மாறியிருந்தால் யாரோ அதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதாவது பாயிண்டர் எங்கோ இருக்கிறது என்று விட்டுவிடும். தாறுமாறான அழைப்புகளால் குறை தேடும் சிஸ்காலர் என்ற கெர்னல் ஃபஸ்ஸரும் கேமெம்லீக்கை இப்படித்தான் ஓட்டுகிறது: ஸ்கேன், காத்திருப்பு, மறு ஸ்கேன். ஒரே ஸ்கேனில் முடித்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதப்பட்ட சோதனை முடிவுகளை நம்ப வேண்டாம்.

க்ளியர் கட்டளையில் ஒரு நுணுக்கம். அது அறிக்கையிடப்பட்ட ஆப்ஜெக்ட்களை அழிப்பதில்லை. "இது கசிவல்ல" என்ற நிறத்துக்கு (கருவியின் உள் அடையாளத்துக்கு) மாற்றுகிறது. அந்த நிறம் பெற்றவை அடுத்த ஸ்கேனில் வேராகவும் படிக்கப்படும். ஆகவே க்ளியர் செய்த பழைய கசிவு ஒன்று வேறொரு ஆப்ஜெக்ட்டைச் சுட்டிக்கொண்டிருந்தால், அந்த இரண்டாவது இனி உயிரோடு இருப்பதாகவே கணக்கு. நுட்பமான வேலைக்கு க்ளியரை நம்புவதைவிடப் புதிதாக பூட் செய்து தொடங்குவது மேல்.

அறிக்கையைப் படிக்கும்போது என்ன கிடைக்கிறது? முதல் வரியில் முகவரியும் அளவும். அடுத்து ப்ராசஸ் பெயர், பிஐடி, ஜிஃபீஸ் (கெர்னலின் கடிகாரத் துடிப்பு) கணக்கில் நேரம். பிறகு முதல் 32 பைட்டின் ஹெக்ஸ் டம்ப். கடைசியில் அதிகபட்சம் 16 அடுக்கு ஸ்டாக். இந்த ஸ்டாக் ஒதுக்கிய இடத்தைத்தான் காட்டும், தொலைந்த இடத்தை அல்ல. கருவியின் முக்கியமான குறை இதுவே. ஒதுக்கிய ஃபங்ஷனில் எந்தத் தவறும் இல்லாமல், மூன்று அடுக்கு மேலே ஒரு பிழை வழியில் விடுவிக்க மறந்திருப்பார்கள். ஸ்டாக்கை மேலே ஏறி, ஒவ்வொரு ஃபங்ஷனிலும் பிழை வந்து திரும்பும் வரிகளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு கசிவு இரண்டு அறிக்கையாக வருவதும் சகஜம். நெட்வொர்க் பஃபர் ஒன்று தொலைந்தால், அதை விவரிக்கும் எஸ்கேபி கட்டமைப்புக்கு ஒரு அறிக்கை, அதன் டேட்டா பகுதிக்கு இன்னொன்று. எஸ்கேபி அநாதை என்பதால் அதன் உள்ளே இருக்கும் பாயிண்டர் படிக்கப்படுவதில்லை, டேட்டாவும் அநாதையாகிவிடுகிறது. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெட்டியைக் கண்டுபிடித்தால் உள்ளிருப்பதற்கும் விடை கிடைத்துவிடும். ஹெக்ஸ் டம்ப்பை மட்டும் பொதுவெளியில் ஒட்டுவதற்கு முன் பாருங்கள். அந்த 32 பைட்டில் சாவியோ கடவுச்சொல்லின் துண்டோ இருக்க வாய்ப்புண்டு.

கெர்னல் கசிவுகள் பெரும்பாலும் பிழை வழிகளில்தான் ஒளிந்திருக்கின்றன. சாதாரணமாக ஓட்டினால் அந்த வழிக்கே போக மாட்டோம். சிவிஇ என்ற பொதுப் பாதுகாப்புக் குறைப் பட்டியலில் உள்ள சிவிஇ-2019-19054 இதற்கு நல்ல மாதிரி. சிஎக்ஸ்23885 வீடியோ டிரைவரில் அகச்சிவப்புப் பகுதியைத் தொடங்கிவைக்கும் ப்ரோப் ஃபங்ஷன் முதலில் ஸ்டேட் என்ற கட்டமைப்பை ஒதுக்குகிறது, பிறகு கேஃபிஃபோ என்ற வரிசைப் பஃபர் ஒன்றைக் கேட்கிறது. இரண்டாவது கிடைக்காமல் போனால் மெமரி இல்லை என்று திரும்பிவிடும்; முதலாவதை விடுவிக்காது. மெமரி தீர்ந்தால்தான் இந்தக் கசிவு வெளிப்படும். எனவே கேமெம்லீக்கைத் தனியாக ஓட்டுவதில் பாதிப் பயன்தான். வேண்டுமென்றே தோல்வியைப் புகுத்தும் ஃபால்ட் இன்ஜெக்ஷனையும், அதில் ஸ்லாப் ஒதுக்கீடுகளைத் தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப் விருப்பத்தையும் சேர்த்து பில்ட் செய்யுங்கள். டாஸ்க்கின் ப்ராக் அடைவில் ஃபெயில்-என்த் என்ற கோப்பு வரும். அதில் 1 எழுதி சிஸ்டம் காலை அழைத்தால் முதல் ஒதுக்கீடு தோற்கும், 2 எழுதினால் இரண்டாவது. இப்படி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய், தோல்வி ஏதும் நிகழாத எண் வரும்வரை ஓட்டினால் அந்த அழைப்பின் ஒதுக்கீட்டுத் தோல்வி வழிகள் அத்தனையும் மிதிபட்டுவிடும். ஒரு பொறி உண்டு: ஃபெயில்ஸ்லாப் அடைவில் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட் இயல்பாக ஆம் என்று இருக்கும். அப்படியே விட்டால் தூங்கிக் காத்திருக்கக்கூடிய ஒதுக்கீடுகள் தோற்காது. கெர்னலில் பெரும்பாலானவை அவைதான். அதை இல்லை என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த ஜோடிக்கும் எட்டாதவை உண்டு. சிவிஇ-2019-19062-இல், கிரிப்டோ பயனர் இடைமுகத்தின் கிரிப்டோ-ரிப்போர்ட் ஃபங்ஷன் பதிலுக்கு ஒரு எஸ்கேபியை ஒதுக்கி, அதை நிரப்பும் ஃபங்ஷன் தோற்றால் எஸ்கேபியை விட்டுவிட்டுத் திரும்பியது. நிரப்புதல் தோற்பது மெமரி இல்லாமையால் அல்ல, பஃபரில் இடம் போதாமல். ஸ்லாபை எத்தனை முறை தோற்கடித்தாலும் அந்த வரிக்குப் போக முடியாது. இத்தகையவற்றுக்கு மூல நிரலைப் படிப்பதும், ஓட்டாமலே நிரலை ஆராயும் காக்சினெல் போன்ற நிலைப் பகுப்பாய்வும்தான் கை கொடுக்கும்.

பொய் எச்சரிக்கைகள் பற்றி ஓரிரு வார்த்தை. பாயிண்டரைப் பிசிக்கல் முகவரியாக மாற்றி ஹார்ட்வேரிடம் கொடுத்துவிட்டு வேறெங்கும் வைத்துக்கொள்ளாத டிரைவர்கள், பேக் செய்த கட்டமைப்பில் சொல் எல்லையில் ஒட்டாமல் பாயிண்டர் வைத்திருப்பவை, இரண்டும் பொய்யாக அறிக்கையாகும். ஸ்கேன் சீரான எல்லைகளில் மட்டுமே படிக்கிறது. உண்மையிலேயே கசிவல்ல என்று தெரிந்தால் மூல நிரலில் கேமெம்லீக்-நாட்-லீக் என்ற அழைப்பைச் சேர்க்கலாம். அறிக்கையை அடக்குவதற்காக மட்டும் அதைச் சேர்த்த பேட்ச்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஏன் கசிவல்ல என்று பக்கத்தில் காரணம் எழுதாவிட்டால் ஏற்க வேண்டாம்.

இனி இது காட்டாதவை. மெமரியைப் பேஜ், அதாவது பக்கக் கணக்கில் நேரடியாக வாங்கும் ஒதுக்கீடுகளையும், ஹார்ட்வேர் முகவரிகளை இணைக்கும் ஐஓரீமேப்பையும் கேமெம்லீக் பின்தொடர்வதில்லை. டிரைவர் ஒன்று பேஜ் அலொகேட்டரிடம் நேராக வாங்கிப் பக்கம் பக்கமாகக் கொட்டினாலும் அறிக்கை வெற்றாகவே இருக்கும். இதைவிடப் பெரியது: பாயிண்டர் தொலையாத கசிவு. ஒரு லிஸ்டில் சேர்த்துக்கொண்டே போய் எடுக்காமல் விட்ட ஆப்ஜெக்ட்களை வேரிலிருந்து எட்ட முடியும். கருவியின் பார்வையில் அவை நலமாக இருக்கின்றன. ரெஃபரன்ஸ் கவுண்ட் (ஆப்ஜெக்ட்டை எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்ற எண்) கசிவும் அப்படித்தான்.

சிவிஇ-2016-0728-ஐ எடுத்துப் பாருங்கள். ஜாயின்-செஷன்-கீரிங் ஃபங்ஷன் பெயரால் கீரிங்கை (சாவிகளின் தொகுப்பை) தேடும்போது அதன் கவுண்ட் ஒன்று கூடுகிறது. கிடைத்தது ஏற்கெனவே இருக்கும் அதே செஷன் கீரிங் என்றால், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று வெளியேறுகிறது. கூட்டிய ஒன்றைக் குறைக்காமலே. ஒரு பைட் மெமரிகூடத் தொலையவில்லை. எண் மட்டும் ஏறுகிறது. சாதாரணப் பயனர் அதே பெயரில் திரும்பத் திரும்ப அழைத்தால், ப்ராக் அடைவின் கீஸ் கோப்பில் மூன்றாவது நெடுவரிசை ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அந்த எண் 32 பிட். 429 கோடியே 49 லட்சம் சொச்சம் தடவைக்குப் பிறகு சுழன்று பூஜ்யத்துக்கு வரும். யாருக்கும் தேவையில்லை என்று கெர்னல் கீரிங்கை விடுவிக்கும். ஆனால் ப்ராசஸ் இன்னும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து ரூட் உரிமை வரை போக முடியும் என்று பெர்செப்ஷன் பாயிண்ட் நிறுவனம் 2016 ஜனவரியில் காட்டியது. எண்ணைச் சுழற்ற சுமார் அரை மணி நேரம் ஆனது. 3.8 பதிப்பிலிருந்து இருந்த குறை. திருத்தம், விடுபட்ட இடத்தில் ஒரு கீ-புட் அழைப்பு. கேமெம்லீக்கை வருடம் முழுக்க ஓட்டியிருந்தாலும் இது அகப்பட்டிருக்காது.

ஆகவே பாதுகாப்புப் பார்வையில் கேமெம்லீக்கோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்தே பயன்படுத்த வேண்டும். 4.11 முதல் இருக்கும் ரெஃப்கவுண்ட்-டி வகை அதில் முதலாவது. எண் எல்லை மீறினால் சுழலாமல் ஒரு மதிப்பில் உறைந்து நின்றுவிடும், டிமெஸ்கில் எச்சரிக்கையும் வரும். ஆப்ஜெக்ட் நிரந்தரமாகக் கசியும். ஆனால் விடுவித்த பிறகு பயன்படுத்தும் குறையாக மாறாது. நல்ல பேரம் என்றே சொல்வேன். மூல நிரலில் இன்னும் இந்தக் காப்பு இல்லாத அட்டாமிக்-டி வகையில் கவுண்ட் வைத்திருக்கும் கட்டமைப்புகளைத்தான் முதலில் தேடிப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, 5.17-இல் வந்த ரெஃப்-டிராக்கர். நெட்வொர்க் டிவைஸை நீக்கும்போது அது விடுபடக் காத்திருப்பதாக டிமெஸ்க் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்தப் பழைய தொல்லையில், கவுண்ட்டை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஸ்டாக்கோடு காட்டுகிறது. நெட்வொர்க் டிவைஸுக்கும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் தனித்தனி விருப்பம் உண்டு. மூன்றாவது, 6.10-இல் வந்த மெமரி ஒதுக்கீட்டுப் ப்ரொஃபைலிங். ப்ராக் அடைவின் அலொக்இன்ஃபோ கோப்பில் கெர்னல் மூலத்தின் எந்த வரி எத்தனை பைட் வைத்திருக்கிறது என்ற பட்டியல் வரும். பக்க ஒதுக்கீடும் அதில் அடக்கம். லூப்புக்கு முன்னும் பின்னும் நகலெடுத்து வித்தியாசம் பார்த்தால், எட்டக்கூடிய கசிவும் தெரிந்துவிடும். கேமெம்லீக் விட்ட இடத்தை மிகச் சரியாக நிரப்புவது இதுதான். பழைய கெர்னல் என்றால் ஸ்லாப்இன்ஃபோவை அதேபோல் ஒப்பிடலாம். ஒரே அளவுள்ள கேஷ்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுவிடும் என்பதால் பூட் வரியில் ஸ்லாப்-நோமெர்ஜ் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகம்? ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் குறிப்பு, ஸ்டாக் பதிவு, லாக் என்று வேலை கூடுகிறது, மெமரியும் தின்னும். ஸ்கேன் த்ரெட் முன்னுரிமை குறைத்து ஓடினாலும், மெமரி அதிகமுள்ள மெஷின்களில் ஒரு ஸ்கேன் நெடுநேரம் பிடிக்கும். உற்பத்தியில் ஓடும் மெஷினில் இதை வைக்கவே கூடாது. அங்கே அலொக்இன்ஃபோ தாங்கும், கேமெம்லீக் தாங்காது.

கசிவு ஒன்று அகப்பட்ட பிறகு அது எவ்வளவு தீவிரம் என்று கணிப்பதைக் கேமெம்லீக் செய்யாது. சிவிஇ எண்ணும் அதைச் சொல்லாது. 2024 பிப்ரவரியில் கெர்னல் குழுவே சிவிஇ எண் வழங்கத் தொடங்கிய பிறகு சிறு கசிவுத் திருத்தங்களுக்கும் எண் கிடைக்கிறது. உள்ளூர்ப் பயனரால் மட்டும் தூண்டக்கூடிய, சேவையை முடக்கும் கசிவுகளுக்கு, தீவிரத்தை அளக்கும் சிவிஎஸ்எஸ் மதிப்பெண் வழக்கமாக 5.5. மாட்யூலை இறக்கும்போது ரூட்டுக்கு மட்டும் 32 பைட் கசிந்தால் அதைத் திருத்திவிட்டு மறந்துவிடலாம். சாதாரணப் பயனர் ஒரு அழைப்புக்கு 4,096 பைட் கசிய வைக்க முடிந்து, விநாடிக்கு 10,000 அழைப்பு ஓடினால் நிலைமை வேறு: விநாடிக்கு 41 எம்பி, 8 ஜிபி மெஷின் மூன்றரை நிமிடத்தில் காலி. மெமரி தீர்ந்தால் இயங்கும் ஓஓஎம் கில்லர் பயனர் ப்ராசஸ்களை ஒவ்வொன்றாகக் கொல்லும். கசிந்த கெர்னல் மெமரி ஒரு பைட்கூடத் திரும்பாது.

ரூட் மட்டுமே தூண்ட முடியும் என்று தோன்றும் நெட்வொர்க் கசிவுகளை யூசர் நேம்ஸ்பேஸ் என்ற தனி உரிமைச் சூழலுக்குள்ளிருந்தும் முயன்று பாருங்கள். அங்கே சாதாரணப் பயனருக்கும் நெட்வொர்க் நிர்வாக உரிமை கிடைத்துவிடுகிறது. கன்டெய்னருக்கு மெமரி வரம்பு போட்டிருக்கிறோம் என்பதையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். கணக்கில் சேர்க்கும் கொடியோடு கேட்ட ஒதுக்கீடுகள் மட்டுமே அந்த வரம்புக்குள் வரும். சாதாரண கேமாலாக் அழைப்பு எந்தக் கன்டெய்னரின் கணக்கிலும் ஏறாமல் முழு மெஷினையும் அரிக்கும். வரம்பு 256 எம்பி என்று வைத்து, கசிவு லூப்பை உள்ளே ஓட்டி, வெளியே மெம்இன்ஃபோவில், மீட்க முடியாத ஸ்லாப் மெமரியைச் சொல்லும் எஸ்-அன்ரிக்ளெய்ம் எண்ணைப் பாருங்கள். கன்டெய்னர் கொல்லப்படாமல் அந்த எண் 256 எம்பிக்கு மேல் கூடினால், திருத்தம் வரும்வரை அந்த இடைமுகத்தை, சிஸ்டம் கால்களை வடிகட்டும் செக்காம்ப்பால் அடைத்து வையுங்கள்.